தாசில்தார் வண்டியில் ஒரு சத்தம்

வாங்க அம்மிணி, வாங்க. வண்டிய அந்த வேப்பமரத்துக்கு இக்கட்டால உடுங்க. ஆங், போதும். பானெட்டைத் தூக்க வேண்டாமுங்க, சித்தே இருங்க, நானே வர்றேன். இந்த வண்டிய எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்னால இது தாசில்தார் வண்டி. பின்கதவுல நெளிசல் இருக்குது பாருங்க, அது அவரு ரிட்டயர் ஆன அன்னிக்கு ஆனது. மாலையெல்லாம் போட்டு அனுப்பி வெச்சாங்க, மனுசன் கண்ணுல தண்ணியோட ரிவர்ஸ் எடுத்து ஆபீஸ் கேட்டுலயே இடிச்சுப்போட்டாரு. அவருதான் என்கிட்டப் போகச் சொன்னாருங்களா? சொல்லுவாரு. நல்ல மனுசன்.

சொல்லுங்க, என்ன தொந்தரவு? வண்டியப் பார்த்துட்டுச் சொல்லாதீங்க, என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

சத்தமா? டிக் டிக்குன்னா?

இல்லீங்க. அந்தச் சத்தம் இந்த வண்டியில இல்லீங்க. அன்னிக்கே இல்ல.

கோவிச்சுக்காதீங்க அம்மிணி. வெயில்ல இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா இப்படிப் பேசறானேன்னு நினைக்காதீங்க. உக்காருங்க. அந்தச் சேர்ல உக்காருங்க, ஸ்டூல் வேண்டாம், அது மயிலாத்தா உக்கார்றது. மயிலாத்தாங்கறது எம்பட ஊட்டுக்காரி. இப்ப இல்ல. போன மாசியில போயிட்டா. இந்த வண்டி இதே மரத்தடியில நின்னுட்டிருக்கறப்பத்தான் போனா. அதனாலதான் வண்டியப் பார்த்ததும் அப்படிச் சொல்லிப்போட்டேன். வேற ஒண்ணுமில்ல.

வண்டியப் பார்க்கறேன், பார்க்காம அனுப்ப மாட்டேன். ஆனா அதுக்கு முந்தி நான் யாருன்னு உங்களுக்குத் தெரியோணும். தாராபுரத்துல போயிக் காதுக்கார அர்த்தநாரி பட்டறை எங்கன்னு கேட்டுப் பாருங்க. வெறும் அர்த்தநாரின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. காதுக்காரன்னு சொல்லோணும். ஒரு காலத்துல நான் இதே சேர்ல உக்காந்துக்கிட்டு, ரோட்டுல போற லாரியப் பார்த்து, “டேய், உன் வண்டியில ஒரு இன்ஜெக்டர் ஒழுங்கா அடிக்கல”ன்னு கத்துவேன். ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள வண்டி நிக்கும். திரும்பி வந்து, “அண்ணா, எப்படிண்ணா சொன்னீங்க”ம்பான். எப்படிச் சொன்னேன்? காதால சொன்னேன். வேற என்ன இருக்குது நம்மகிட்ட.

இந்த டிக் டிக் இருக்குது பாருங்க, அதுல ஒரு குடும்பமே இருக்குதுங்க. வால்வைத் தட்டித் திறக்கற டேப்பெட் தளர்ந்திருந்தா பக்கத்து ஊட்டுல தையல் மிசின் ஓடறாப்பல இருக்கும். புகை போற பக்கம் கேஸ்கெட் போயிருந்தா நாக்கைச் சப்புக் கொட்டறாப்பல கேக்கும், எஞ்சின் சூடானா அடங்கிரும். பேரிங் போயிருந்தா அது டிக்கே இல்ல, அடிவயித்துல உலக்கை குத்தறாப்பல இருக்கும், அப்ப வண்டிய நகத்தவே கூடாது. இதையெல்லாம் பிரிச்சுச் சொல்றதுக்கு இப்ப கம்பெனியில கம்ப்யூட்டர் வெச்சிருக்கானுக. நம்மகிட்ட இந்தா, இந்த நீட்டுத் திருப்புளி. முனைய எஞ்சின் மேல வெச்சு, பிடிய காதுல வெச்சா, உள்ள நடக்கறதெல்லாம் தெரியும். பக்கத்துல கிரில் பட்டறை ஓடுதுன்னா மட்டும் காதுல வெச்சுப் பிரயோசனமில்ல. அப்ப பிடியப் பல்லுல கடிச்சுக்கோணும். மண்டைக்குள்ள நேராப் போயிரும்.

இப்பவெல்லாம் வேலை கம்மிதானுங்க. எல்லாரும் கம்பெனிக்கே போறாங்க. வர்றவனுகளும் தெளிவா ஒண்ணும் சொல்றதில்ல. செல்லைப் பார்த்துக்கிட்டே வாய்க்குள்ள முனகறானுக. நான் ரெண்டாவது தடவை கேட்டா மூஞ்சியச் சுளிக்கறானுக. அந்த மாஸ்க் போட்ட காலத்துல இன்னும் மோசம், ஒருத்தன் பேசறதும் புரியல எனக்கு. அப்பவெல்லாம் மயிலாத்தா இருந்தா, சமாளிச்சேன்.

அவகிட்ட ஒரு பழக்கமுங்க. கடைசி நாலஞ்சு வருசமா வந்த பழக்கம். யாராச்சும் வண்டியக் கொண்டாந்து என்னமோ சொன்னா, அவ எம்முன்னால வந்து நின்னு, அதையே திருப்பிச் சொல்லுவா. “மேட்டுல இழுக்க மாட்டேங்குதாமாங்க.” “பிரேக் போட்டாக் கீச்சுங்குதாமாங்க.” எனக்கு எரிச்சலா வரும். ஏன்டி, எனக்கென்ன காது கேக்காதா, எதுக்குக் கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிக்கறேன்னு ஆளுங்க முன்னாலயே திட்டியிருக்கேன். சிரிச்சுக்குவா. அடுத்த வண்டி வந்தா மறுபடியும் சொல்லுவா.

டேப்பெட் வெக்கிறப்பவும் அப்படித்தான். நான் ஒவ்வொண்ணா முடுக்கி, வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா, அவ எதுக்க அந்த ஸ்டூலைப் போட்டு உக்காந்திருப்பா. சத்தம் நின்னதும் தலையாட்டுவா. இன்னும் இருக்குதுன்னா உதட்டைப் பிதுக்குவா. எனக்குத் தெரியாதுங்களா, சத்தம் நின்னது? தெரியும். இருந்தாலும் அவளுக்கு அதுல ஒரு சந்தோசம், நம்ம ஆளு வேலையில நானும் இருக்கேன்னு. நானும் ஆட்டட்டும்னு விட்டுட்டேன். பின்னாடி பின்னாடி எனக்கே அது பழகிப்போச்சு. அவ தலையாட்டாம நான் பானெட்டை மூடறதில்ல.

ஒருக்கா சொன்னா. இந்தத் திருப்பிச் சொல்ற பழக்கமெல்லாம் வர்றதுக்கு முந்தி. சாப்பாடு போட்டுட்டே மெல்லத்தான் கேட்டா, “கோயமுத்தூர் போயி ஒருக்கா காதைக் காட்டிப்போட்டு வரலாமுங்களா”ன்னு. எனக்கு வந்துதே கோவம். என்ன பேச்சுங்க இது? காதுதான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது, புள்ளையப் படிக்க வெச்சது, கட்டிக் குடுத்தது. அதைப் போயி நோக்காடுங்கறா. கையில இருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சுபோட்டேன். அவ மேல இல்லீங்க, செவுத்து மேலதான். அந்தக் காரை பேர்ந்த இடம் இன்னும் இருக்குது, அந்தக் கேலண்டருக்குப் பின்னால. அவதான் கேலண்டரை மாட்டி மறைச்சா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்ல. அடுத்த நாள்ல இருந்து பட்டறைக்கு வந்து நிக்க ஆரம்பிச்சா.

என்னமோ சொல்ல வந்தேன். ஆங், இந்த வண்டி.

தாசில்தார் ஒரு சனிக்கிழமை கொண்டாந்து விட்டாரு. நீங்க சொன்ன அதே வார்த்தை, டிக் டிக்குங்குதுன்னாரு. மயிலாத்தா எம்முன்னால வந்து, “டிக் டிக்குங்குதாமாங்க, வண்டி நிக்கிறப்ப நல்லாக் கேக்குதாமா”ன்னா. திங்கக்கிழமை வளைகாப்புக்குப் போகோணும், நாளைக்கே வேணும்னாரு அவரு. சரின்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில காப்பி கொண்டாந்து குடுத்தவ, “நெஞ்சு ஒரு மாதிரி கனமா இருக்குதுங்க, இன்னிக்கு நான் அங்க வரல”ன்னா. வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிச்சுட்டுப் படுன்னு சொல்லிட்டு நான் வந்துட்டேன். அதுல என்னங்க தப்பு? யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நீங்களா இருந்தாலும் வாயுன்னுதான் நினைச்சிருப்பீங்க.

அன்னிக்குக் கிரில் பட்டறை லீவு. கரண்டும் கிடையாது, எங்கயும் ரேடியோ, டி.வி. ஒண்ணுமில்ல. ஊசி விழுந்தாக் கேக்கும். அப்படிப்பட்ட நாள்ல நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி, திருப்புளியக் காதுல வெச்சு, இண்டு இடுக்கு விடாமக் கேட்டேன். எஞ்சின் ஓடற உறுமல்தான் இருக்குது. டிக்குமில்ல ஒண்ணுமில்ல. ரிட்டயர் ஆன மனுசன், பொழுது போகாம இல்லாத சத்தத்தைக் கேக்கறாருன்னு நினைச்சுக்கிட்டேன். இருந்தாலும் வண்டி வந்துருச்சு, சும்மா அனுப்பக் கூடாதுன்னு எஞ்சினை நிறுத்தி, மூடியக் கழட்டி, எல்லா டேப்பெட்டையும் இடுக்கு அளக்கற கேஜ் தகட்டை வெச்சு ஒழுங்கா வெச்சேன். அதுக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். எஞ்சின் நின்னுருக்குதுங்க அம்மிணி, அதைக் கவனிச்சுக்குங்க. ஊரும் அமைதி, எஞ்சினும் அமைதி. சமையக்கட்டு வாசல் அந்தா, பார்த்தீங்களா, கைய நீட்டினாத் தொடற தூரம்.

அன்னிக்குப் பதினோரு மணி டீ வரல.

எந்நாளும் வந்துரும். கொண்டாந்து தோள்ல ஒரு கைய வெச்சுட்டு நீட்டுவா. வரலன்னதும் எனக்குக் கோவம். “டீ என்னாச்சு”ன்னு இங்க இருந்தே ஒரு குரல் விட்டேன். பதில் இல்ல. அவ எப்பவும் உள்ள இருந்து பதில் சொல்ற ஆளே கிடையாது, நேரா வந்து நின்னுதான் பேசுவா. சரி, வரட்டும், நானாப் போயிக் கேக்கறதில்லன்னு வீம்புக்கு வேலையப் பார்த்தேன். வெயில் இந்தப் பெஞ்சுக்கு வந்ததுக்கப்புறம்தான் எழுந்தேன். திரும்பினா, இந்தா, இந்த மண்ணுல ஒரு டம்ளர் கிடக்குது. எவர்சில்வர் டம்ளர். பூனை உருட்டி விட்டிருக்கும், இவ பாத்திரத்தைக் கூட எடுத்து வெக்காம என்ன பண்றான்னு நினைச்சுக்கிட்டே அதைக் கையில எடுத்துட்டுத்தான் உள்ள போனேன்.

கரண்டு இல்லாத இருட்டுல, வாசப்படிக்கு உள்பக்கமாக் கிடந்தா. ஒரு கை வெளிய நீட்டினாப்பல, பட்டறையப் பார்த்து. உடம்பு சில்லுன்னு ஆகல இன்னும். கண்ணு பாதி மூடியிருக்குது. நான் தூக்குனேன், இந்த வண்டியிலயேதான் போட்டேன். மூடிய மாட்டக்கூட இல்ல, எண்ணெய் தெறிக்கத் தெறிக்க ஓட்டிட்டுப் போனேன். டாக்டர் பார்த்துட்டு, கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கொஞ்சம் முந்தி.

எனக்கு அவ மேல கோவமுங்க. வெளிய சொன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்களோ, ஆனாக் கோவம்தான். ஒரு குரல் குடுத்திருக்கலாமில்ல? “ஏனுங்க”ன்னு ஒரு வார்த்தை. கைக்கெட்டற தூரத்துல கட்டுனவன் உக்காந்திருக்கான், வலி வந்தாக் கூப்பிடறதுக்கு என்ன? எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சு வெச்சு, கடைசியில உசுரையும் வாயைத் திறக்காம விட்டுட்டா. இப்படி ஒரு பொம்பளை உண்டுங்களா?

ஆனா ஊருல கதை வேற மாதிரி ஓடுது. கிரில் பட்டறைக்காரன் சம்சாரம் சாரதா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் ஊடு. எழவு ஊட்டுல, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் உக்காந்திருக்கறப்ப, எம்புள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. “அக்கா ஏனுங்க ஏனுங்கன்னு கூப்பிட்டுட்டே இருந்துச்சு கண்ணு. அண்ணன் பக்கத்துலதான இருக்காருன்னு நான் எட்டிப் பார்க்காம விட்டுட்டேன்” அப்படின்னுது. எம்மூஞ்சிக்கு நேரா உக்காந்துதான் சொல்லுச்சு. என்ன அநியாயம் பாருங்க. தான் எட்டிப் பார்க்காததை மறைக்கறதுக்கு எம்மேல தூக்கிப் போட்டுருச்சு.

எம்புள்ள சுகந்தி. ஒரே புள்ள. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்குது. அவ சின்னதுல இருந்து பார்த்திருக்கா. அவங்கம்மா கூப்பிட்டா, “இரு, வர்றேன்”னு சொல்லிட்டு, கையில இருக்கற போல்ட்டை முடுக்கிட்டுத்தான் நான் எழுவேன். அது என் பழக்கம், இல்லைங்கல. அதை மனசுல வெச்சுக்கிட்டு, கருமாதி முடிஞ்ச அன்னிக்கு எம்முன்னால வந்து நின்னா. “எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதா, கேக்கலையா?”

நான் என்ன சொல்லட்டும்? கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாளோ என்னமோ. ஆனாக் கேக்காம போறதுக்கு எங்காதுக்கு என்னங்க? அவ கூப்பிடவேயில்லன்னேன். அப்ப சாரதாக்கா பொய் சொல்லுதான்னா. ஆமான்னேன். “ஒரு போல்ட்டு முடுக்கிட்டு வரலாம்னு இருந்திருப்பீங்க”ன்னா. அவ்வளவுதான். பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா.

அதுக்கப்புறம் வரல. போன் பண்ணினா. பண்ணினது நெசம். எடுத்து ஹலோ ஹலோன்னு கத்தறேன், அக்கட்டால ஒரு பேச்சும் வர்றதில்ல. இந்தப் பக்கம் டவரே கிடையாதுங்க. சித்தே பார்த்துட்டு வெச்சுருவேன். அவங்க பெரியம்மா நேர்ல வந்து என்னை வெய்யுது, “புள்ள குரலைக் கேட்டதும் டப்புன்னு வெச்சுர்றீங்களாமே, கல்லா உங்க மனசு”ன்னு. இப்ப போனும் வர்றதில்ல. பேரனுக்குக் காது குத்தினாங்களாமா, யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது. தாய்மாமன் இல்லாத புள்ளைக்கு யாரு மடியில உக்கார வெச்சாங்களோ.

அழுகலீங்க. வேர்வை.

சரி, வாங்க, உங்க வண்டியப் பார்க்கலாம். நீங்களும் இவ்வளவு அழுத்தமா இருக்குதுங்கறீங்க. இல்லைன்னு காட்டி அனுப்பறேன், நிம்மதியாப் போங்க. சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்ஸிலேட்டர் மிதிக்க வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும்.

அட கெரகமே, அங்க பாருங்க, செவுத்துக்கு மேல பொறி பறக்குது. கிரில் அறுக்க ஆரம்பிச்சுட்டான். வேலைன்னு ஒண்ணு எடுத்தாப் போதும், அவனுக்குப் பொறுக்காது. பரவாயில்ல, பல்லுல கடிச்சுக் கேட்டுக்கலாம். சித்தே பேசாம இருங்க.

டேப்பெட் மூடி மேல வெச்சுப் பார்த்தாச்சு. நல்லா இருக்குது, சீரா ஓடுது. நான் வெச்ச டேப்பெட்டாச்சே. முன்பக்கம் செயின் மூடி, அதுலயும் ஒண்ணுமில்ல. பார்த்தீங்களா? இன்னும் கீழ வர்றேன். பெட்ரோல் பம்பு. அதையும்...

இருங்க.

இருங்க அம்மிணி. மறுபடியும் வெச்சுப் பார்க்கறேன்.

நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்க. ஃபேன் நின்னுருச்சு, சரி. இல்ல, இறங்க வேண்டாம், மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க.

இருக்குதுங்க.

சத்தம் இருக்குது. பல்லே கூசுது. டிக் டிக்குன்னு பம்புக்குள்ள ஆணி அடிக்கறாப்பல அடிக்குது. உள்ள ‘ஆர்ம்’னு ஒரு இரும்புக் கை இருக்கும், ஏறி இறங்கி பெட்ரோலை இழுக்கறது. அதைப் பிடிக்கற ஸ்பிரிங்கு தளர்ந்துருச்சுங்க. அதனாலதான் அது தட்டுது. எல்லாரும் டேப்பெட்டுன்னுதான் நினைப்பாங்க, டேப்பெட்டை எத்தனை வெச்சாலும் போகாது. சின்ன ஸ்பிரிங்கு. பெரிய வேலையே இல்ல.

வண்டி ஓடட்டும், நான் காதுல வெச்சுப் பார்க்கறேன். அதே இடம்.

இல்ல.

பல்லுல. இருக்குது. காதுல. இல்ல.

இந்தக் காதுலயும் இல்ல.

வண்டிய நிறுத்திருங்க அம்மிணி.

இந்தச் சத்தம் உங்களுக்கு வண்டிக்குள்ள உக்காந்திருந்தாலே கேக்குதுங்களா? பானெட் மூடியிருந்தா? தாசில்தாருக்குக் கேட்டிருக்குது. அவருக்கு என்னை விட வயசு கூட. அவருக்கே கேட்டிருக்குது. அன்னிக்கும் இருந்திருக்குது இது. பட்டறை லீவு, கரண்டு இல்ல, ஊசி விழுந்தாக் கேக்கும், நான் காதுல வெச்சுத்தான் பார்த்தேன். காதுல வெச்சுத்தான் பார்த்தேன்.

அம்மிணி, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தச் சமையக்கட்டு வாசல்ல போயி நில்லுங்க. செருப்போடயே போங்க, பரவாயில்ல. நான் இந்தா இப்படி எஞ்சினைப் பார்த்துக் குனிஞ்சு நிக்கிறேன், திரும்ப மாட்டேன். நீங்க அங்க இருந்து என்னைக் கூப்பிடுங்க. பேரெல்லாம் சொல்ல வேண்டாம். “ஏனுங்க”ன்னு கூப்பிடுங்க, அவ அப்படித்தான் கூப்பிடுவா. கிரில்காரன் நிறுத்திட்டான், பொறியக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பான். இதுதான் நேரம். போங்க.

போயிட்டீங்களா?

கூப்பிடுங்க அம்மிணி. கூச்சப்படாதீங்க, யாரும் இல்ல இங்க.

நல்லாச் சத்தமாவே கூப்பிடலாம். நான் நிக்கிறேன். நீங்க எப்ப வேணாலும்...

யாரு! ஓ, நீங்களா. தோள்ல கை வெச்சதும் அவதானோன்னு நினைச்சுட்டேன். அவளும் இப்படித்தான் வெப்பா. எதுக்குங்க வந்துட்டீங்க? கூப்பிடத்தான சொன்னேன்?

கூப்பிட்டீங்களா?

எத்தனை தடவைங்க?

நீங்க எதுக்கு அழுகறீங்க அம்மிணி. உங்க மேல என்ன இருக்குது. உக்காருங்க. இல்ல, இந்த ஸ்டூல்லயே உக்காருங்க. பரவாயில்ல, உக்காருங்க.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குக் கேக்காதுன்னு அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குது, அதுக்குத்தான் இத்தனை வருசம் எம்முன்னால வந்து வந்து நின்னிருக்கா. தெரிஞ்சும் கூப்பிட்டிருக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, எழ முடியாம, கைக்குக் கிடைச்ச டம்ளரை எடுத்து எறிஞ்சிருக்கா. எங்கண்ணுலயாவது படுமான்னு. அது எம்முதுகுக்குப் பின்னால விழுந்திருக்குது. நான் பூனைய வைதுட்டு அதை எடுத்துட்டுப் போனேன். சாரதாவைப் பொய்க்காரின்னேன். சாமி, அந்த டம்ளர்லதான் நான் இன்னும் தண்ணி குடிக்கிறேன்.

எனக்கு நெஞ்சு ஆறலீங்க.

உங்க வண்டிக்குப் பயப்படாதீங்க. பம்பைக் கழட்டி ஸ்பிரிங்கு மாத்திரலாம், நாளைக்கே முடிஞ்சுரும். ஆனா மாட்டுனதுக்கப்புறம் சத்தம் போச்சா இல்லையான்னு நீங்கதான் எதுக்க இருந்து பார்க்கோணும். என்னால ஆகாது. இல்லைன்னா வேற பட்டறைக்குப் போனாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். பம்புன்னு மட்டும் சொல்லுங்க, அவங்க பார்த்துக்குவாங்க.

இன்னும் ஒரே ஒரு வேலை. இந்தாங்க, எம்போன். சுகந்தின்னு இருக்கும் பாருங்க. போடுங்க. நான் பேசலீங்க, நீங்க பேசுங்க. டவரெல்லாம் நல்லாத்தான் இருக்கும். ரிங் போகுதுங்களா?

எடுத்துட்டாளா? சொல்லுங்க. காதுக்கார அர்த்தநாரி பட்டறையில இருந்து பேசறேன்னு சொல்லுங்க. இல்ல, அது வேண்டாம், உங்கப்பா பட்டறைன்னு சொல்லுங்க. அம்மா கூப்பிட்டது நெசம்தான்னு சொல்லுங்க. சாரதா சொன்னது நெசம். ஆனா உங்கப்பா போல்ட்டு முடுக்கிட்டு உக்காந்திருக்கலயாமா கண்ணு, அந்தாளுக்குக் காதுல விழவேயில்லையாமா, ரொம்ப வருசமாவே எதுவும் விழறதில்லையாமான்னு சொல்லுங்க. நீ போன்ல பேசினதுகூட விழல. வெச்சது கோவத்துல இல்ல. சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க.

என்னங்க சொல்றா?

அம்மிணி, அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க. இங்க, என்னைப் பாருங்க. முழுசாச் சொல்ல வேண்டாம், எனக்கு எப்படியும் பாதிதான் புரியும். எம்புள்ள வர்றாளா, அது மட்டும் போதும். தலையாட்டுங்க போதும்.